கருப்பு உத்திரம், வெள்ளைச் சுவர்: இங்கிலாந்தின் பழைய விடுதிகள்

வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் கிராமத்து ஆங்கிலேய விடுதிகளைப் பற்றி இரண்டு பக்கம் வந்ததும் கேள்விகள் குவிந்துவிட்டன. சுற்றுலா போகிறவர்கள், கட்டடக்கலை மாணவர்கள், அங்கேயே தொழில் நடத்துகிறவர்கள் என மூன்று தரப்பும் கேட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

மகளைப் பார்க்க இங்கிலாந்து போயிருந்தோம். 'இன்' என்று பலகை மாட்டிய இடத்தில் ராத்தங்க அறை கேட்டால், இல்லை என்றார்கள். அப்புறம் எதற்கு அந்தப் பெயர்?
— வாசகி, சேலம்

பெயர் மிச்சமிருக்கிறது, தொழில் மாறிவிட்டது. பழைய வழக்கில் மூன்று வகை உண்டு. ஏல் என்ற பியர் வகையைக் காய்ச்சி விற்றது ஏல்ஹவுஸ். திராட்சை மது விற்றது டாவர்ன். வழிப்போக்கருக்குச் சாப்பாடும் படுக்கையும், அவர் குதிரைக்குத் தீனியும் லாயமும் கொடுத்தது இன். 1577-ல் அரசு எடுத்த கணக்கில் ஏல்ஹவுஸ்கள் பதினாலாயிரத்துக்கு மேல், இன்கள் 1,631, டாவர்ன்கள் 329. இன் எவ்வளவு அரிது என்பது இதிலேயே தெரியும். ரயில் வந்து பயணிகள் போனபின் பல இன்கள் மாடி அறைகளைப் பூட்டிவிட்டுக் கீழே மதுக்கடையை மட்டும் நடத்தின. பலகையை யாரும் கழற்றவில்லை.

பலகைக்கே ஒரு சட்டம் இருந்தது. ஏல் காய்ச்சி விற்பவர் அடையாளம் தொங்கவிட்டாக வேண்டும் என்று இரண்டாம் ரிச்சர்ட் காலத்தில், 1393-ல், விதித்தார்கள். எழுத்துத் தெரியாத ஊரில் படம்தான் பெயர். இன்றும் 'வெள்ளை மான்' என்ற பெயரில் இத்தனை கடைகள் இருப்பதற்கு அந்த ராஜாவின் சின்னம் வெள்ளை மான் என்பது ஒரு காரணம்.

தங்கும் விடுதியாகவே நீடிக்கும் இடங்களில் வரவேற்பு மேசைக்குப் பக்கத்துச் சுவரைப் பாருங்கள். பொடி எழுத்தில் ஓர் அறிவிப்பு இருக்கும். விருந்தினர் பொருள் களவு போனால் விடுதிக்காரர் பொறுப்பு என்பது அந்நாட்டுப் பழைய வழக்குச் சட்டம். 1956-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு வரம்பு கட்டியது: ஒரு பொருளுக்கு 50 பவுன், மொத்தம் ஒருவருக்கு 100 பவுன். அறிவிப்பை மாட்டியிருந்தால்தான் அந்த வரம்பு விடுதிக்காரரைக் காக்கும். உங்கள் காருக்கு இந்தப் பொறுப்பு கிடையாது.

நான் கட்டடக்கலை மாணவன். ஒரு விடுதி உண்மையிலேயே பழையதா, பழைய மாதிரி ஜோடித்ததா என்று உள்ளே நுழைந்ததும் எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகர், திருச்சி

உள்ளே நுழையாதீர்கள், முதலில் பின்னால் போங்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் பணம் வந்ததும் பல விடுதிக்காரர்கள் தெருவைப் பார்த்த பக்கத்துக்கு மட்டும் செங்கல் முகப்பு வைத்து, வரிசையாகச் சன்னல் போட்டார்கள். முகம் செங்கல், முதுகு ஓக் மரம். வண்டி நுழையும் வளைவு வழியாக முற்றத்துக்குப் போனால்தான் மரச்சட்டங்கள் கண்ணில் படும். இன் ஒன்றின் அடையாளமே அந்த வளைவும் முற்றமும்தான். முற்றத்தைச் சுற்றி மாடியில் திறந்த நடை ஓடும். அறைக் கதவுகள் அதில் திறக்கும். இந்த அமைப்பு கெடாமல் நிற்பதற்கு நல்ல சான்று குளோஸ்டர் நகரத்து 'நியூ இன்'. பெயர்தான் புதிது, மன்னர் இரண்டாம் எட்வர்டின் கல்லறையைத் தரிசிக்க வந்த யாத்ரீகர்களுக்காகக் கிறிஸ்தவ மடத்தார் 1450 வாக்கில் கட்டியது. லண்டனின் சதக் பகுதியில் 1677-ல் எழுந்த 'ஜார்ஜ்' விடுதிக்கும் இப்படி நடை உண்டு. ஆனால் ரயில்வே கம்பெனி மற்றப் பக்கங்களை இடித்துவிட்டதால் ஒரு பக்கம்தான் மிச்சம்.

அடுத்து மேல்மாடி துருத்தி நிற்கிறதா பாருங்கள். சமர்செட்டில் நார்ட்டன் செயின்ட் பிலிப் என்ற கிராமத்து 'ஜார்ஜ்' விடுதியில் தரைத்தளம் கல், அதன்மேல் இரண்டு தளம் மரச்சட்டம். ஒவ்வொரு தளமும் கீழ்த்தளத்தைவிட வெளியே நீண்டிருக்கும். பக்கத்திலிருந்த கார்த்தூசியன் துறவியர் மடத்தார் கம்பளிச் சந்தை வியாபாரிகளுக்காக எழுப்பிய கட்டடம் அது. 1668 ஜூன் 12 அன்று கடற்படை அதிகாரி சாமுவேல் பீப்ஸ் அந்த ஊரில் சாப்பிட்டுப் பத்து ஷில்லிங் கொடுத்ததை நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார்.

இப்போது உள்ளே வரலாம். மரச் சேர்க்கைகளுக்கு அருகே கண்ணை வைத்துப் பாருங்கள். துளையும் அதற்குள் நுழையும் மரமுனையான கழுந்தும் சேருமிடத்தில் கட்டைவிரல் பருமன் மர ஆணிகள் தெரிய வேண்டும், அவை சற்றே வெளியே நீட்டிக்கொண்டும் கோணலாகவும் இருக்கும். பக்கத்தில் உளியால் கீறிய ரோமன் எண்கள் இருந்தால் நல்ல அறிகுறி. தச்சர்கள் சட்டத்தை முதலில் பட்டறையில் தரையில் படுக்கப் போட்டு இழைத்துப் பொருத்தி, எண் போட்டு, பிரித்து, மனைக்குக் கொண்டுவந்து நிமிர்த்தினார்கள். நான்கை IIII என்று கீறியிருப்பார்கள். எந்தக் கழுந்து எந்தத் துளைக்கு என்பதற்கு அது போதும். ஓக்கைப் பச்சையாகவே அறுத்து வேலை செய்ததால், காயக் காய முறுக்கிக்கொண்டது. தரை சரிந்திருப்பதும் கதவு நிலை சாய்சதுரமாக நிற்பதும் அதனால்தான். ஜோடித்த விடுதியில் உத்திரம் நேராக இருக்கும், முனையில் ரம்பத்தின் வட்டக் கீறல் இருக்கும், தட்டினால் டப்பா மாதிரி ஒலிக்கும்.

முடிந்தால் பரணைக் காட்டச் சொல்லுங்கள். கைமரங்களில் கெட்டியாகக் கரி அப்பியிருந்தால் அந்தக் கூடம் ஒரு காலத்தில் புகைபோக்கியே இல்லாமல் கூரை வரை திறந்து கிடந்தது, நடுத்தரையில் தீ எரிந்தது என்று பொருள். புகைபோக்கி பரவிய பதினாறாம் நூற்றாண்டில்தான் பெரும்பாலும் நடுவே தளம் போட்டு இரண்டு மாடியாக்கினார்கள்.

கடைசியாக ஒன்று. வெள்ளைச் சுவரில் கன்னங்கரேலென்ற உத்திரம் எல்லா நாள்காட்டியிலும் வரும் படம். பெரும்பாலான இடங்களில் அந்தக் கருப்பு பத்தொன்பதாம் நூற்றாண்டு மோகம், தார் பூசியது. அதற்கு முன் ஓக்கை வெறுமனே விட்டார்கள், அது வெள்ளிச் சாம்பல் நிறமாகும். அல்லது சுவரோடு சேர்த்து மரத்துக்கும் சுண்ணாம்பு அடித்தார்கள். கருப்பை வைத்து வயது சொல்லாதீர்கள். அதை நீக்குகிறேன் என்று மணல் பீய்ச்சுவது அதைவிட மோசம். தச்சர் வாச்சியின் தடம் எல்லாம் சேர்ந்து உதிர்ந்துவிடும்.

"இந்த உத்திரங்கள் உடைந்த போர்க்கப்பலிலிருந்து வந்தவை" என்று ஒரு விடுதியில் சொன்னார்கள். அந்தக் காலத்து ஆட்கள் குள்ளம், அதனால்தான் கதவும் குள்ளம் என்றும் சொன்னார்கள். உண்மையா?
— வாசகர், கோயம்புத்தூர்

இரண்டும் விருந்தினருக்குச் சொல்லும் கதை. உத்திரத்தில் எதற்கும் பொருந்தாத வெற்றுத் துளைகளைப் பார்த்துவிட்டுக் கப்பல் என்கிறார்கள். பழைய வீட்டைப் பிரித்த மரத்தை மறுபடி போட்டால் அப்படித்தான் துளை மிஞ்சும். கப்பல் மரம் வளைந்திருக்கும், உப்பேறியிருக்கும். கடலிலிருந்து ஐம்பது மைல் தள்ளிய கிராமத்துக்கு அதை மாட்டுவண்டியில் இழுக்க யாருக்கும் கட்டாயமில்லை, ஓக் காடு பக்கத்திலேயே இருந்தது. ஆட்கள் இன்றைவிடச் சற்றுத்தான் குள்ளம். உயரமான கூடத்தின் நடுவில் பிறகு தளம் போட்டதாலும், தரையைத் திரும்பத் திரும்ப மேடாக்கியதாலும், சின்ன அறை சீக்கிரம் சூடேறும் என்பதாலும் உயரம் குறைந்தது. எப்படியோ தலை இடிப்பது இடிப்பதுதான்.

பெரிய கணப்புக்குள்ளேயே ஆள் உட்காரலாம் போலிருக்கிறதே! அதற்குள் இருக்கும் பொந்துகள், கம்பிகள், கரி வட்டங்களுக்கெல்லாம் என்ன வேலை?
— வாசகி, மதுரை

விடுதியின் உயிரே அந்த இடம்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். இங்கிள்நூக் என்பார்கள். ஆறேழு அடி அகலமான கல் அல்லது செங்கல் குகை, அதன் வாயை ஒரே ஓக் உத்திரம் தாங்கும். உள்ளே இரு பக்கமும் உட்காரத் திண்ணை உண்டு. நடுத் தீயைச் சுற்றிச் சமையலும் நடந்தது, குளிர்காய்தலும் நடந்தது.

பக்கச் சுவரில் மார்பளவில் இருக்கும் சின்னச் சதுரப் பொந்து உப்புக்கு. இங்கிலாந்தின் ஈரக்காற்றில் உப்பு கட்டிபடும். சூட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் உதிரியாக இருக்கும். அதைவிடப் பெரிய வாயும், உள்ளே கவிகை மாதிரி செங்கல் வளைவும் இருந்தால் அது ரொட்டி அடுப்பு. சுள்ளிக்கட்டை அதற்குள்ளேயே போட்டுச் செங்கல் சிவக்க எரித்து, சாம்பலை வழித்தெடுத்து, ஈரத்துணியால் தரையைத் துடைத்து, மாவை வைத்து வாயை அடைத்துவிடுவார்கள். ஒரு சிட்டிகை மாவைத் தரையில் தூவினால் பொன்னிறமாக வேண்டும். கருகினால் இன்னும் ஆற வேண்டும். அடுப்புக்கெனத் தனித் தீ கிடையாது, செங்கல் பிடித்துவைத்த சூட்டில்தான் வேகும்.

இறைச்சி சுடும் கம்பியைத் திருப்புவது சலிப்பான வேலை. வில்ட்ஷயரில் லாகாக் கிராமத்து 'ஜார்ஜ்' விடுதியில் கணப்புக்கு மேலே சுவரோடு ஒட்டி ஒரு மரச்சக்கரம் இன்னும் இருக்கிறது. குட்டைக்கால் நாயொன்றை அதற்குள் விட்டு ஓடவைப்பார்கள். சக்கரம் சுற்ற, கயிறு இழுக்க, கம்பி திரும்பும். வாசனை மட்டும் நாய்க்கு.

வாய் உத்திரத்தைக் கூர்ந்து பார்த்தால் கண்ணீர்த்துளி வடிவத்தில் கருகிய தடங்கள் தெரியும். அவை எல்லாமே தவறுதலாகப் பட்டவை அல்ல. திரியைச் சாய்த்துப் பல நிமிடம் பிடித்தால்தான் அந்த வடிவம் வரும். தீயிலிருந்து வீட்டைக் காக்கச் செய்த காப்பு என்பது பலர் கருத்து. காம்பசால் கீறிய ஆறிதழ்ப் பூவும் அந்த ரகம்தான். வூஸ்டர்ஷயரில் பிரெட்ஃபோர்ட்டன் கிராமத்து 'ஃப்ளீஸ்' விடுதியில் கணப்புக்கு முன் தரையில் வெள்ளை வட்டங்கள் போட்டிருப்பார்கள், புகைபோக்கி வழியே சூனியக்காரி இறங்காமல் இருக்க. நம்மூரில் வாசலில் கோலம், அவர்களுக்குக் கணப்பில். பதினைந்தாம் நூற்றாண்டுப் பண்ணைவீடு அது. 1848-ல்தான் மதுக்கடை உரிமம் பெற்றது. அதைப் பரம்பரையாக வைத்திருந்த குடும்பத்தில் கடைசியாக நடத்திவந்த லோலா டாப்ளின் அம்மையார் 1977-ல் இறந்தபோது, பழைய கட்டடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு எழுதிவைத்தார். உருளை வறுவல் பாக்கெட் அங்கே விற்கக் கூடாது என்பது அவர் விருப்பம்.

அழகுக்கு வைக்காமல் உண்மையிலேயே எரிப்பதானால் புகை உள்ளே திரும்பும் சிக்கல் வரும். வாய்ப் பரப்பில் ஏழில் ஒரு பங்காவது புகைக்குழாயின் குறுக்குப் பரப்பு இருக்க வேண்டும். நான்கடிக்கு ஆறடி வாய் என்றால் 24 சதுர அடி. குழாய் மூன்றரைச் சதுர அடியாவது வேண்டும். பின்னாளில் குழாயைச் சுருக்கிக் கட்டியிருந்தால் நிச்சயம் புகையும். தீத்தட்டைச் செங்கல் வைத்து உயர்த்துவது, வாயின் மேல்பக்கம் இரும்புத் தகடு இறக்குவது இரண்டும் எளிய தீர்வு. சன்னல் இடுக்கெல்லாம் அடைத்துவிட்டுத் தீ ஏன் இழுக்கவில்லை என்று கேட்பவர்கள் முதலில் ஒரு சன்னலைத் திறந்து பார்க்கட்டும். விறகு ஈரம் இருபது சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். பச்சை விறகின் புகை குழாயில் தாராகப் படிந்து ஒருநாள் பற்றிக்கொள்ளும். கூரை வைக்கோல் என்றால் இது விளையாட்டல்ல. 'ஃப்ளீஸ்' விடுதியே 2004-ல் தீயில் கூரையை இழந்து, மறுபடி கட்டப்பட்டது.

நானும் தம்பியும் கென்ட்டில் ஒரு பழைய இன்னைக் குத்தகைக்கு எடுத்து உணவகம் நடத்துகிறோம். கீழ்ச்சுவர் முழுக்க ஈரம், பூச்சு உதிர்கிறது. சிமென்ட் பூசி வாட்டர்புரூஃப் பெயின்ட் அடித்தால் தீரும் என்கிறார் மேஸ்திரி. செய்யலாமா?
— வாசகர், லண்டன்

வேண்டாம். கூடவே, வேலையைத் தொடங்கும் முன் கவுன்சிலின் கட்டடப் பாதுகாப்பு அலுவலரிடம் பேசுங்கள். கட்டடம் பாதுகாக்க வேண்டிய பழைய கட்டடங்களின் அரசுப் பட்டியலில் இருந்தால், எந்தத் தரமானாலும், உள்பக்கமும் அதில் அடக்கம். அதன் தன்மையை மாற்றும் வேலையை அனுமதியின்றிச் செய்வது 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி கிரிமினல் குற்றம். 'குத்தகைக்காரன்தானே' என்பது எடுபடாது.

சிமென்ட் ஏன் கூடாது? அந்தச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும்படி கட்டியது. ஓக் சட்டத்துக்கு நடுவே கம்புப் படல், அதன்மேல் களிமண், சாணம், நறுக்கிய வைக்கோல் கலந்த சாந்து, மேலே சுண்ணாம்பு. மழையில் நனையும், காற்றில் உலரும். சிமென்ட் பூசினால் முதல் குளிர்காலத்திலேயே மயிரிழை வெடிப்பு விழும். அதன் வழியே போன தண்ணீர் வெளியே வர வழியின்றி அடிச்சட்டத்தில் தேங்கும். பத்து வருடத்தில் மேலே பூச்சு பளபளவென்று இருக்கும், உள்ளே மரம் கத்தியால் குத்தினால் கேக் மாதிரி போகும். உங்கள் சுவரில் ஏற்கெனவே யாரோ சிமென்ட் பூசியிருப்பார்கள் என்றே தோன்றுகிறது. பூச்சு தகடு தகடாகப் பெயர்ந்தால் அது சிமென்ட். மாவாக உதிர்ந்தால் சுண்ணாம்பு.

முதலில் தண்ணீர் வரும் வழியை அடையுங்கள். மழை பெய்யும்போது குடை பிடித்துக்கொண்டு வெளியே நின்று கூரைத் தூம்பைப் பாருங்கள். பாதிக் கோளாறு அங்கே முடிந்துவிடும். அடுத்து, வெளித்தரை மேடாகிச் சுவரின் அடிச்சட்டத்தை மூடியிருக்கிறதா? சட்டத்துக்குக் கீழே ஆறு அங்குலம் தெரியும்படி மண்ணை வெட்டி இறக்குங்கள். சுவரில் துளை போட்டு ரசாயனம் ஏற்றுகிறேன் என்று வருபவரை அனுப்பிவிடுங்கள். அவர் ஈரம் அளக்கும் ஊசி மீட்டரை வைத்துச் சிவப்பு விளக்கைக் காட்டுவார். பழைய சுவரில் உப்பு இருந்தாலே அந்த விளக்கு எரியும்.

அப்புறம் சிமென்ட்டை உளியால் மெதுவாகப் பெயர்த்துவிட்டுச் சுவரை உலரவிடுங்கள். ஒரு கோடைக்காலம் முழுக்க வேண்டும். அவசரப்பட்டால் எல்லாம் வீண். பூச்சுக்கு ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, பருக்கையான கூர்மணல் மூன்று பங்கு, முதல் இரண்டு பூச்சில் ஆட்டு மயிர். ஒரு பூச்சு பத்து மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. பூசும் முன் சுவரை நனையுங்கள், பூசியபின் ஈரச் சாக்கு தொங்கவிட்டுச் சில நாள் காய்ந்துவிடாமல் பாருங்கள். கடுக்காய், வெல்லம் சேர்த்து நம்மூர்க் கொத்தனார் வேலை பார்த்த அதே பொருள்தான், ஆனால் அங்கே ஒரு கெடு உண்டு. வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போனால் இறுகுவதற்குள் உறைந்து உதிரும். செப்டம்பருக்குள் முடித்துவிடுங்கள். மேலே பெயின்ட் வேண்டாம், பால் பதத்தில் கரைத்த சுண்ணாம்பு நாலைந்து தடவை, ஒரு நாளைக்கு ஒன்று. மரத்துக்கும் பூச்சுக்கும் நடுவே விழும் இடுக்கில் சிலிக்கான் அடைக்காதீர்கள், சுண்ணாம்பே போதும். உணவகச் சமையலறையின் ஆவியும் சேர்ந்துகொண்டால் என்ன செய்தாலும் சுவர் உலராது. ஆவியை இழுக்கும் விசிறி கூரைக்கு வெளியே வரை போகிறதா பாருங்கள்.

அதே விடுதியில் ராத்திரி உத்திரத்துக்குள் 'டொக் டொக்' என்று ஆறேழு தடவை தட்டும் சத்தம். பேய் என்கிறார்கள் வேலைக்காரப் பையன்கள்.
— அதே வாசகர்

ஏப்ரல் முதல் ஜூன் வரை மட்டும் கேட்டால், 'டெத்வாட்ச்' வண்டு. இணையைக் கூப்பிடத் தலையால் மரத்தை முட்டும். சாகக் கிடப்பவர் பக்கத்தில் நிசப்தமாக விழித்திருந்தவர்கள் காதில் விழுந்ததால் அந்தப் பெயர். புழு ஓக்குக்குள் ஐந்து வருடம், சிலசமயம் பத்து வருடம் கூடத் தின்றுகொண்டிருக்கும். துளை மூன்று மில்லிமீட்டர் இருக்கும். துளைக்கடியில் புதிதாக வெளிறிய தூள் விழுந்திருந்தால்தான் கவலை. பழைய துளைகள் எல்லா உத்திரத்திலும் உண்டு. ஈரமேறிப் பூஞ்சணம் பிடித்த ஓக்தான் அதற்கு இஷ்டம். மருந்து தெளிப்பதைவிட மேலே சொன்னபடி ஈரத்தை நிறுத்துவதே வைத்தியம். உத்திர முனைகள் சுவருக்குள் புகும் இடத்தைச் சோதியுங்கள், தின்பது அங்கேதான் தொடங்கும்.

ஸ்டாம்ஃபோர்டில் ஒரு பழைய விடுதியில் ஓர் அறைக் கதவில் 'லண்டன்', எதிர்க்கதவில் 'யார்க்' என்று எழுதியிருக்கிறது. ஏன்?
— வாசகர், திருநெல்வேலி

'ஜார்ஜ்' விடுதியைச் சொல்கிறீர்கள். (எத்தனை ஜார்ஜ் என்று கேட்காதீர்கள், அவர்களுக்கு அந்தப் புனிதர்மேல் அவ்வளவு பிரியம்.) அவை வண்டிக்குக் காத்திருக்கும் அறைகள். லண்டன் போகிறவர் ஒன்றில், யார்க் போகிறவர் இன்னொன்றில். உச்சக் காலத்தில் தினம் லண்டன் பக்கம் இருபது, யார்க் பக்கம் இருபது என நாற்பது வண்டிகள் அங்கே நின்றன. வெளியே சாலைக்குக் குறுக்காகத் தூக்குமரம் மாதிரி நிற்கும் பெயர்ச்சட்டத்தையும் பார்த்திருப்பீர்கள்.

1784 ஆகஸ்டில் ஜான் பால்மர் பிரிஸ்டலிலிருந்து லண்டனுக்குத் தபால் வண்டி விட்டதிலிருந்து விடுதிகளின் முகமே மாறியது. மாலை நாலு மணிக்குக் கிளம்பி மறுநாள் காலை எட்டுக்கு லண்டன். ஏழெட்டு மைலுக்கு ஒருமுறை குதிரை மாற்ற வேண்டும். வண்டிக் காவலர் கொம்பு ஊதியதும் புதுக்குதிரைகள் முற்றத்தில் தயாராக நிற்க வேண்டும். சாப்பாட்டுக்குக் கொடுத்த நேரம் இருபது நிமிடம் என்பதால் நுழைவாயில் பக்கமே சாப்பாட்டுக் கூடம், அதன் பின்னாலேயே சமையலறை, லாயத்தின் மேல் வைக்கோல் பரண், அதற்கடுத்து வண்டிக்காரர்களுக்குத் தனிக் குடிகூடம் என்று அமைத்தார்கள். 1841-ல் லண்டன்–பிரிஸ்டல் ரயில் முழுதாக ஓடியதும் அந்தச் சாலை விடுதிகளின் முற்றங்கள் வெறிச்சோடின. பணமில்லாததால் இடித்துக் கட்டவில்லை. பல விடுதிகள் இன்று நமக்குக் கிடைத்திருப்பதற்கு அந்த வறுமையும் ஒரு காரணம்.

நம் சத்திரமும் இதுவும் ஒன்றுதானே?
— வாசகர், தஞ்சாவூர்

முற்றமும் தாழ்வாரமும் ஒன்று, கணக்குப் புத்தகம் வேறு. இன் காசுக்கு நடந்தது. தஞ்சை மராத்திய மன்னர்களின் சத்திரங்கள் தர்மத்துக்கு நடந்தவை; வந்தவருக்குச் சோறு, நோயாளிக்கு வைத்தியர், குழந்தைக்குப் பால், கர்ப்பிணிக்குப் பிரசவம் வரை பார்த்ததை இரண்டாம் சரபோஜி 1801-ல் கும்பெனி அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில் விவரிக்கிறார். மடத்தார் யாத்ரீகருக்காக நடத்திய இங்கிலாந்து விடுதிகள் சத்திரத்துக்குக் கொஞ்சம் கிட்டே வரும். எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்ததோடு அவை தனியார் கைக்குப் போயின.

விடுதியொன்றின் ஏலத்தில் பழைய பியூட்டர் குவளை வாங்கிவந்தேன். அதில் மோர் குடிக்கலாமா? எப்படித் துலக்குவது?
— வாசகி, புதுச்சேரி

அலமாரியில் வையுங்கள். பியூட்டர் என்பது வெள்ளீயக் கலவை. பழையதில் காரீயமும் கலந்திருக்கும். மோர், எலுமிச்சை, புளி எதுவானாலும் புளிப்பு பட்டால் காரீயம் கரையும். இன்று செய்யப்படுபவை காரீயம் இல்லாதவை, அவற்றில் குடிக்கலாம். துலக்கப் புளியும் சாம்பலும் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்பு, மெல்லிய துணி, உடனே துடைத்து உலர்த்துங்கள். அந்த மங்கல் சாம்பல் நிறம்தான் அதன் மதிப்பு; வெள்ளிப் பாலிஷ் போட்டால் விலை பாதியாகும். அடுப்பு மேடையில் மறந்தும் வைக்காதீர்கள். வெள்ளீயமே 232 டிகிரியில் உருகும், காரீயம் கலந்தால் இன்னும் சீக்கிரம். குவளையில் எங்காவது சின்ன முத்திரை ஏதாவது குத்தியிருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். கிரீடமும் 'வி.ஆர்.' என்ற ஆங்கில எழுத்துகளும் இருந்தால், விக்டோரியா காலத்தில் அளவு சரிபார்த்து முத்திரை வைத்த குவளை.